பழைய பெட்ரோல் காரின் டைமிங்: கேள்வி பதில்

பாலக்கோட்டிலிருந்து: ஐயா, சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் எங்கள் பழைய அம்பாசிடர் இஞ்சின் தட்டுகிறது. கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் கருவி) போகும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். இந்த யோசனையால் நல்ல வண்டிகள் பல வீணாக எரிபொருளைக் குடித்துக்கொண்டிருக்கின்றன. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்திருப்பீர்கள். அப்போது குழாயில் உறிஞ்சுவிசையே அநேகமாக இராது. வேக்குவம் தந்த அட்வான்ஸ், அதாவது பொறியை முன்னதாக விழவைப்பது, தானாகவே விலகியிருக்கும். அடிப்படை டைமிங் (பொறி விழும் நேரம்) அதிகம் முந்தியிருக்கிறதா, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்பப் பொறியை முந்தவைக்கும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, சிலிண்டர் ஹெட்டில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். லேசாக மிதித்து ஓடும்போது மட்டும் தட்டினால்தான் வேக்குவத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

குழாயைக் கழற்றினால் இழப்பு சமதளத்தில். தருமபுரி–கிருஷ்ணகிரி சாலையில் நிதானமாகப் போகும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவாகவே நுழைகிறது. அது மெதுவாக எரியும். அதற்கேற்பப் பொறி முன்னதாக விழ வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது வேக்குவம் அட்வான்ஸ்தான். அது இல்லாவிட்டால் மைலேஜ் குறையும், இஞ்சின் சூடேறும்.

காரிமங்கலத்திலிருந்து: புதுப் பாயிண்ட் போட்டேன். டைமிங்கைத் தொடவில்லை. ஆனால் இழுவை குறைந்துவிட்டது.

பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின்தொடர்பு. அது திறக்கும் கணத்தில்தான் பொறி விழும். அதனால் அதன் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். அகன்றால் முந்தும், குறுகினால் பிந்தும். முதலில் இடைவெளியை வையுங்கள். அம்பாசிடரின் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. பிறகே டைமிங். புதுப் பாயிண்டின் குதி (சுழலும் கேமில் உரசும் பகுதி) தொடக்கத்தில் சீக்கிரம் தேயும் என்பதால், சிறிது ஓடியபின் மறுபடி பாருங்கள்.

அரூரிலிருந்து: டைமிங் லைட் இல்லாமல் வைக்க முடியுமா?

முடியும். ஒரு 12 வோல்ட் பல்பு போதும். பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் ஒரு வயரையும், இஞ்சின் உலோகத்தில் மற்றதையும் வையுங்கள். முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் இருக்கும்போது, புல்லிக் குறியைக் கையேடு சொல்லும் டிகிரியில் நிறுத்துங்கள். இஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னே போய் மறுபடி வாருங்கள். இக்னிஷனைப் போட்டு, கிளாம்ப்பைத் தளர்த்தி, பல்பு அணையும்வரை டிஸ்ட்ரிபியூட்டரை அதற்குள் இருக்கும் ரோட்டார் சுற்றும் திசையில் திருப்புங்கள். பின் எதிர்த்திசையில் மெல்லத் திருப்பினால் பல்பு எரியும் கணமே பாயிண்ட் திறக்கும் கணம். அங்கே இறுக்கிவிடுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து: ஐடிலிங்கில் வேக்குவம் குழாயைக் கழற்றினாலும் மாற்றமே இல்லை. வேக்குவம் இழுக்கும் டயாஃப்ரம் சவ்வு போய்விட்டதா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். பல கார்புரேட்டர்களில் அந்தக் குழாய் சேரும் துளை திராட்டில் தகட்டுக்குச் சற்று மேலே இருப்பதால், ஐடிலிங்கில் உறிஞ்சல் வராது. இஞ்சினை நிறுத்திவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். பாயிண்ட் பொருந்திய தகடு நகர்ந்து அப்படியே நின்றால் டயாஃப்ரம் நன்றாயிருக்கிறது. மெல்லத் திரும்பினால் கிழிந்திருக்கிறது.

ஒசூரிலிருந்து: இங்கே சரியாக ஓடும் கார் தருமபுரிக்கு வந்தால் லேசாகத் தட்டுகிறதே?

ஒசூர் உயரமான ஊர், காற்றின் அடர்த்தி சற்றுக் குறைவு, அதனால் தட்டலும் குறைவு. காதால் கேட்டுத் தட்டலின் விளிம்புவரை அங்கே வைத்த டைமிங், கீழே வெயிலில் தாங்காது. ஓரிரு டிகிரி குறைத்து வையுங்கள்.