டிக்கியாவுக்குத் தண்ணீர் போதாமல் இல்லை

மார்த்தாண்டத்தில் மதிலோரம் நட்ட டிக்கியாவின் (அன்னாசிக் குடும்பத்து முள்செடி) அடியிலைகள் மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வருகின்றன, தண்ணீர் போதவில்லையோ என்று கேட்டிருந்தீர்கள். எனக்கென்னவோ நேர்மாறாகத் தோன்றுகிறது. வேர் அழுகுகிறது. பிரேசில் பக்கம் பாறை இடுக்கில் வளரும் செடி அது. வறட்சி தாங்கும், தேங்கும் ஈரம் தாங்காது. நம் குமரி மாவட்டத்துக்கோ ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொன்று.

தோண்டி எடுத்து, குழைந்த இலையையும் கறுத்த வேரையும் வெட்டிவிடுங்கள். நடுக்குருத்து கெட்டியாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் நிழலில் காயட்டும். அப்புறம் அதே குழி வேண்டாம். ஓர் அடி மேடு கட்டி, செம்மண் ஒரு பங்குக்குச் சிறு ஜல்லியும் உடைந்த ஓட்டுத்துண்டும் இரண்டு பங்கு கலந்து நடுங்கள். (பழைய ஓட்டுக்கா நம் ஊரில் பஞ்சம்!) தென்னை நிழல் விழாத வெயில் இடமாகப் பாருங்கள். குருத்துக்குள் தண்ணீர் ஊற்றும் பழக்கம் வேறு வகை புரோமிலியாட்களுக்கு, அதாவது அன்னாசிக் குடும்பத்தின் மற்றச் செடிகளுக்கு. இதற்கு மண் நன்றாகக் காய்ந்தபின் வேரில் ஊற்றினால் போதும்.

முள் கொக்கி மாதிரி வளைந்திருக்கும், துணிக் கையுறை தாங்காது. நான் சாக்கை நாலாக மடித்துச் சுற்றித்தான் தூக்குவேன். பக்கக்கன்று இருந்தால் இப்போதே பிரித்துத் தொட்டியில் வையுங்கள். தாய்ச்செடி போனாலும் அது இருக்கும்.