டேப்பெட் செக் செய்யாததால் வாரண்டி மறுப்பு: வழக்கு நிற்குமா?

கேள்வி: என் காரின் மேனுவலில் 40,000 கி.மீ.க்கு ஒருமுறை வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி; டேப்பெட் செக் என்பதும் இதுதான்) பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. சர்வீஸ் சென்டரில், "சத்தமே இல்லையே, எதற்கு வீண் செலவு?" என்றார்கள், விட்டுவிட்டேன். 62,000-ல் இன்ஜின் உதறத் தொடங்கியது. ஒரு எக்ஸாஸ்ட் வால்வு (புகையை வெளியே விடும் வால்வு) எரிந்துவிட்டதாம். பராமரிப்பில் குறை என்று எக்ஸ்டெண்டட் வாரண்டியை மறுக்கிறார்கள். ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) இறக்க அனுமதி கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வழக்கின் முக்கிய சாட்சி அந்த ஹெட்டுக்குள் இருக்கிறது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால், வால்வு இடைவெளி எவ்வளவு இருந்தது என்பதைப் பிறகு நம்பும்படி நிரூபிப்பது கடினம்.

ஹெட் கவரை மட்டும் திறந்து, இன்ஜின் நன்றாக ஆறிய நிலையில், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து எல்லா வால்வுகளையும் அளக்கச் சொல்லுங்கள். நீங்களோ உங்கள் மெக்கானிக்கோ அருகில் இருக்க வேண்டும். ஒவ்வொரு அளவையும் மேனுவல் அளவுக்குப் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். கேஜ் தெரியும்படி வீடியோ எடுங்கள். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டும், கசிவைக் காட்டும் லீக்-டவுன் டெஸ்ட்டும் அப்போதே முடியட்டும். சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தும்போது சைலன்சர் வழியாக இரைச்சல் வந்தால், கசிவது எக்ஸாஸ்ட் வால்வுதான்.

எரிந்த வால்வின் இடைவெளி வரம்புக்குள் இருந்தால், செக் செய்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. அவர்கள் சொல்லும் காரணம் ஆட்டம் காணும். எக்ஸாஸ்ட் வால்வுகள் எல்லாமே இறுகியிருந்தால் (இடைவெளி வரம்பைவிடக் குறைந்திருந்தால்) அவர்கள் பக்கம் பலம். அந்த ஒன்று மட்டும் இறுகியிருந்தால், வால்வு சீட்டிலேயே (மூடும்போது வால்வு உட்காரும் வளையம்) குறை என்று வாதிடலாம். ஆனால் "40,000-ல் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே" என்று எதிர்வாதம் வரும்.

"சத்தம் இல்லை" என்பது சரியான காரணமே அல்ல. இடைவெளி கூடினால்தான் டக்டக் சத்தம் கேட்கும். நாளடைவில் சீட் தேய்ந்து வால்வு மேலேறும்போது இடைவெளி குறையும். அப்போது இன்ஜின் இன்னும் அமைதியாகத்தான் ஓடும். இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது; அதன் சூடு சீட்டுக்கு இறங்காது. விளிம்பு கருகி ஒரு பக்கம் பிளந்துவிடும். சி.என்.ஜி. கிட் போட்ட வண்டிகளில் சீட் தேய்மானம் கூடுதல். உங்களுடையது அப்படியென்றால், கிட் ஆவணங்களையும் எடுத்து வையுங்கள். அடுத்த கேள்வி அங்கேதான் வரும்.

மேனுவலின் வாசகத்தையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். சில மேனுவல்கள் அளந்து பார்க்கச் சொல்கின்றன. சில, சத்தம் வந்தால் மட்டும் சரிசெய்தால் போதும் என்கின்றன. ஹைட்ராலிக் லாஷ் அட்ஜஸ்டர் (ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் பாகம்) உள்ள இன்ஜினில் அட்டவணைப்படி செய்ய இந்த வேலையே கிடையாது. அப்படிப்பட்ட வண்டிக்கு டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட் என்று பில் போட்டிருந்தால், அதுவே தனிப் புகார்.

சட்டத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11)-ன்படி, தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு. மேனுவல் கட்டாயம் என்று சொல்லும் வேலையை அதே சர்வீஸ் சென்டர் வேண்டாம் என்றிருந்தால், வாரண்டி பாதிக்கப்படும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது, ஜாப் கார்டு, வாட்ஸ்அப் செய்தி, அழைப்புப் பதிவு எது இருந்தாலும் திரட்டுங்கள். ஜாப் கார்டில் அந்த வரிக்கு நேரே வெறும் டிக் மட்டும் இருந்து அளவு எழுதப்படவில்லை என்றால் உங்களுக்கு நல்லது: செய்ததாகக் காட்டிவிட்டு, இப்போது செய்யவில்லை என்று அவர்களால் சொல்ல முடியாது.

மறுப்பை எழுத்தில், எந்த நிபந்தனையின்படி என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பிறகு சர்வீஸ் சென்டர், தயாரிப்பு நிறுவனம், வாரண்டி வழங்கியவர் மூவருக்கும் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டியைத் தருவது பல நேரம் வேறொரு நிறுவனம்; அதை விட்டுவிட்டால் பின்னால் சிக்கல். 15 நாள் அவகாசம் போதும். பலன் இல்லையென்றால் நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் (பிரிவு 69). பொருளில்தான் குறை என்று வாதிடுவதானால், பிரிவு 38(2)(c)-ன் கீழ் ஆய்வகப் பரிசோதனை கேளுங்கள்.

வண்டி அவசரமாக வேண்டுமென்றால், அளவெடுப்பு முடிந்தபின் "உரிமைக்குப் பாதகமின்றி" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரிப்பேர் செய்துகொள்ளலாம். கழற்றிய வால்வையும் பழைய சிம்களையும் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடுகள்) சிலிண்டர் எண் எழுதிய உறையில் போட்டு, ரசீதோடு வாங்கி வையுங்கள்.