ஓ வகைக் குருதியும் இரைப்பைக் கிருமியும்

வணக்கம் சகோதரர். ஆறு மாதமாக மேல்வயிற்று நோவும் சமிபாடின்மையும் இருப்பதாகவும், உங்களுடைய குருதி ஓ வகை என்பதால் ஹெலிக்கோபக்டர் பைலோரி (இரைப்பையில் வாழ்ந்து புண்ணை உண்டாக்கக்கூடிய பற்றீரியா) கட்டாயம் இருக்கும் என்று கோண்டாவிலில் உறவினர் ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஓ வகையினருக்குக் குடற்புண் கூடுதலாக வருவது 1954 இலேயே பதிவானது. இரைப்பைச் சுவரிலுள்ள லூயிஸ் பி என்ற சர்க்கரை அமைப்பில் இந்தப் பற்றீரியா ஒட்டிக்கொள்வதையும், ஏ வகையினரிடம் அத்தகைய ஒட்டுமிடங்கள் குறைவாக இருப்பதையும் 1993 இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் ஒட்டுவதற்கு இடம் இருப்பதும் தொற்று இருப்பதும் ஒன்றல்ல. ஏ, பி வகையினருக்கும் இக்கிருமி தாராளமாகத் தொற்றுகிறது. குருதி வகைக்கும் தொற்றுக்குமான தொடர்பைத் தேடிய ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆகவே குருதி வகையை மட்டும் நம்பி அன்ரிபயோற்றிக் குளிகைகளைத் தொடங்க வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன்.

மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரைப்பை அமிலத்தைக் குறைக்க நீங்கள் தினமும் போடும் ஒமெப்பிரசோலை, வைத்தியரிடம் கேட்டு, பரிசோதனைக்கு இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் இல்லை என்றே முடிவு வரக்கூடும். பலர் ஏமாறுவது இங்கேதான். தொற்று உறுதியானால் பெரும்பாலும் 14 நாள் மருந்து தருவார்கள், ஒரு வேளையும் தவறவிடாதீர்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, நிறை குறைந்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, இந்தப் பரிசோதனைகளுக்கெல்லாம் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.