போதை மாத்திரை சாப்பிட்ட தாய்க்குப் பிறந்த பிள்ளை: கேட்டதும் சொன்னதும்

காரைக்குடிப் பக்கம் பச்சிளங்குழந்தை வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். ஊர்ப் பேரைச் சொல்லிக் கேளுங்கள்.

தேவகோட்டை: சிஸ்டர், மகள் டேபென்டடால் வலி மாத்திரைக்கு அடிமை. பேரன் பிறந்து 3 நாள். கை கால் நடுங்குது, கீச்சுக்குரலில் விடாமல் அழறான். வீட்டுக்குக் கூட்டிப்போயிடலாமா?

வேண்டாம்மா. தொப்புள்கொடி வழியாக வந்துகொண்டிருந்த மருந்து, கொடியை வெட்டியதும் நின்றுபோனதால் வரும் தவிப்பு இது. அனேகமாக முதல் 3 நாளில் தெரியும், போதைக்குப் பதிலாக டாக்டர் தரும் மாற்று மருந்தான பூப்ரினார்ஃபின் என்றால் ஒரு வாரம்கூட ஆகலாம். டாக்டரிடம் மாத்திரைப் பேரை மறைக்காதீர்கள். தெரியாமல் பிள்ளைக்கு நலாக்சோன் என்ற போதைமுறிவு ஊசி போட்டால் வலிப்பு வரலாம். மற்றபடி பாதி வைத்தியம் உங்கள் கையில்தான்: துணியில் இதமாகச் சுற்றி, மங்கின வெளிச்சத்தில், ஒரே ஆள் வைத்துக்கொள்ளுங்கள், பால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. தாலாட்டு, முகம் பார்த்துக் கொஞ்சுவது, ஆட்டுவது மூன்றும் சேர்ந்தால் தாங்காது, விரலை விரிப்பான், கொட்டாவி விடுவான், தும்முவான். அதைச் சளி என்று தைலம் தேய்க்கிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு பார்க்க வரும் சனம் பட்டாலையோடு நிற்கட்டும், பிள்ளை உள்ளறையில் இருக்கட்டும். படுக்க வைத்தால் மல்லாக்க மட்டும்.

பள்ளத்தூர்: தாய்ப்பால் தரலாமா?

டாக்டர் தரும் மாற்று மருந்தை ஒழுங்காக எடுத்து, வேறெதுவும் தொடாத தாய் என்றால் பெரும்பாலும் தரலாம், தவிப்பும் குறையும். தெரு மாத்திரை தொடர்கிறதென்றால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கோட்டையூர்: வயித்துல 5 மாசம். மாத்திரையை இன்னைக்கே நிறுத்திடறேன் அக்கா.

நிறுத்தாதே தாயி! திடீரென்று விட்டால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஆபத்து, குறைப்பிரசவமும் ஆகலாம். நாளைக்கே டாக்டரைப் பார், மாற்று மருந்து இருக்கிறது.

புதுவயல்: வசம்பு உரசி நாக்கில் வைக்கலாமா?

கூடாது.

கானாடுகாத்தான்: தூளியில் போட்டால் அடங்குகிறான்.

அடங்குவான், மேலும் கீழும் மெல்ல ஆட்டுவது இந்தப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதை மடியில் வைத்துச் செய்யுங்கள். தூளியில் தூங்கவிட்டால் கழுத்து மடங்கி, தாடை நெஞ்சில் ஒட்டி, மூச்சு அடைக்கலாம்.

ஆத்தங்குடி: எங்க ஆயா பத்துப் பிள்ளையைத் தூளியில்தான் வளர்த்தாக. ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலை!

சரி, அந்தப் பத்தில் ஒன்றாவது, இந்தத் தவிப்புக்கு டாக்டர் தரும் மார்ஃபின் சொட்டு குடித்துக்கொண்டிருந்ததா? தூக்கம் வரவைக்கும் அந்த மருந்து உடம்பில் உள்ள பிள்ளை மூச்சு முட்டினாலும் முழித்துக்கொள்ளாமல் போகலாம்.

ஆத்தங்குடி: அப்ப பாரம்பரியமே தப்பா?

தூளியைத்தான் சொன்னேன். சரி, ஆள் கண்கொட்டாமல் பக்கத்தில் இருக்கும்போது ஆட்டுங்கள், தூங்கினதும் எடுத்து மல்லாக்கப் போடுங்கள். இதற்குமேல் இறங்கிவர மாட்டேன்.

திருப்பத்தூர்: தத்தெடுத்த மகள், 4 வயசு. பெற்றவள் குடிப்பாளாம். சொன்னது மறக்குது, அடிச்சாலும் கேக்கலை.

கையை மடக்குங்கள் முதலில். நெடுநாள் தங்குவது கர்ப்பத்தில் தாய் குடித்த மதுவின் பாதிப்புதான், இதற்கு 1973லேயே ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேலுதட்டுக்கு மேலே குழி மழுங்கியிருக்கலாம், முகத்தில் ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். பிடிவாதம் இல்லை, மூளையில் நிற்கவில்லை. "செருப்பை எடு" என்று ஒன்று சொல்லுங்கள், எடுத்தபிறகு அடுத்தது. அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குக் கூட்டிப்போங்கள்.

கண்டனூர்: ஒரு சொட்டு பிராந்தி…

வசம்புக்குச் சொன்ன பதில்தான்.

தேவகோட்டை: சிஸ்டர், விளக்கை அணைச்சதும் தூங்கிட்டான். இன்னும் எத்தனை நாள்?

நடுக்கம் சில வாரம், சிணுங்கல் சில மாசம். எப்படிப் படுத்திருக்கிறான்?