காவலரின் ஓய்வு யார் கையில்? கேள்வி பதில்

தமிழ்நாடு காவல்துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற பெண் அதிகாரி ஒருவர், காவலர்களின் பணிச்சூழல் குறித்து வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

கேள்வி: அம்மா, வாரவிடுப்புக்கு 2021இல் ஆணை வந்த பிறகும் என் கணவருக்கு விடுப்பு ஒழுங்காகக் கிடைப்பதில்லையே, ஏன்? (காவலரின் மனைவி, திண்டுக்கல்)

பதில்: ஆணை சென்னையில் பிறக்கிறது, டூட்டி போடுவது நிலையத்தில். உங்கள் கணவரின் பெயருக்கு நேரே, நிலையத்தின் எழுத்து வேலையைப் பார்க்கும் ரைட்டர் 'ஓய்வு' என்று எழுதியிருப்பார். இரவு பத்து மணிக்கு மைக்கில், அதாவது வயர்லெஸ்ஸில், மறுநாள் பிரமுகர் வருகைக்கு இத்தனை பேர் வேண்டும் என்ற தகவல் வரும். அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு விழும். திருவிழா, பொதுக்கூட்டம், கைதி வழிக்காவல், நீதிமன்றச் சாட்சியம் எல்லாம் அதே சில பேரின் தலையில்தான் விழுகின்றன. நீண்ட நேர வேலையைக் காவலர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். நாளை வீட்டில் இருப்போமா என்று பிள்ளைக்கு இன்று சொல்ல முடியாமல் இருப்பதுதான் அவர்களை அரிக்கிறது.

கேள்வி: மன உளைச்சல் குற்றவாளிகளால் வருகிறதா, மேலதிகாரிகளால் வருகிறதா?

பதில்: நான் கண்டவரையில் பெரும்பாலும் உள்ளிருந்தே வருகிறது. ரோல்காலில், அதாவது காலை வருகைக் கணக்கெடுப்பில், இளையவர்கள் வரிசையில் நிற்கும்போது, நரைத்த ஏட்டையா ஒருவர் ஒருமையில் திட்டு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்; மைக்கில் திட்டினாலோ உட்கோட்டம் முழுவதும் கேட்கும். இரண்டாம் நிலைக் காவலர் 10 ஆண்டில் முதல்நிலை, 15இல் தலைமைக் காவலர், 25இல் சிறப்பு உதவி ஆய்வாளர் என்பது நெடுநாள் இருந்துவந்த ஏற்பாடு. அந்தப் படிக்கட்டில், 1955ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின் 3(பி) பிரிவில், பெரிய தண்டனைக்கு வழிவகுக்கும் துறைக் குற்றச்சாட்டு ஒன்று நிலுவையில் இருந்தாலே பதவி உயர்வு தள்ளிப்போகும் என்பதால், திட்டியவரிடமே தலைகுனிந்து நிற்பதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. அனுமதியின்றிச் சங்கம் சேர 1966ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இடம் தராது. எனவே குறையும் அதே அதிகாரியின் வழியாகத்தான் மேலே போக வேண்டும். அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலர்களை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையையே பாருங்கள். 1979இல் அரசு ஒழித்ததாக ஆணையிட்ட ஒன்றை, 2022இல் உயர்நீதிமன்றம் மீண்டும் கண்டிக்க வேண்டியிருந்தது.

கேள்வி: மனநல ஆலோசனைக்குப் போனால் முத்திரை குத்திவிடுவார்களோ என்று தயங்குகிறேன்.

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானதே. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்துடன் இணைந்து நடத்தப்பட்ட காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி குடும்பத்தினரையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அது நல்ல தொடக்கம். ஆனால் முழு வகுப்போடு உட்கார்ந்து பயிற்சி கேட்பது எளிது, தனியாக மருத்துவரைப் பார்க்க 'பாஸ்போர்ட்' என்னும் அனுமதிச் சீட்டு கேட்டு நிற்பது கடினம். துறைக்கு வெளியே, அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு நேராகச் செல்லுங்கள்.

கேள்வி: பெண்களும் திருநங்கைகளும் வந்த பிறகு துறையின் பண்பாடு மாறியிருக்கிறதா?

பதில்: எண்ணிக்கை மாறிய அளவுக்குப் பழக்கம் மாறவில்லை. தமிழ்நாட்டில் 1973இல் பெண்கள் காவல் பணிக்கு வந்தார்கள். 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 2010இல் லத்திகா சரண் தலைமை இயக்குநரானார். அப்படியிருந்தும் முதலமைச்சர் செல்லும் சாலையோரத்தில் பெண் காவலர்களைக் கழிப்பறை வசதியின்றி மணிக்கணக்கில் நிறுத்த வேண்டாம் என்று சொல்ல 2021 வரையும், அவர்களுக்கான ரோல்காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்குத் தள்ளிவைக்க 2023 வரையும் ஆயிற்று. பெண் கண்காணிப்பாளர் ஒருவர் தந்த பாலியல் புகாரில் சிறப்புத் தலைமை இயக்குநராக இருந்தவருக்கு விழுப்புரம் நீதிமன்றம் தண்டனை விதித்ததும் அதே 2023இல்தான். கண்காணிப்பாளர் பதவியில் இருந்த அந்தப் பெண்ணே புகார் கொடுக்கப் போகும் வழியில் மறிக்கப்பட்டார் என்றால், இரண்டாம் நிலைப் பெண் காவலர் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்பதில் பொருளில்லை. திருநங்கை பிரித்திகா யாஷினியின் உதவி ஆய்வாளர் பணி விண்ணப்பமோ முதலில் நிராகரிக்கப்பட்டது. 2015இல் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்ற பிறகே அவர் உதவி ஆய்வாளராக முடிந்தது.

கேள்வி: என் தம்பி காவலர் தேர்வு எழுதுகிறான். சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேரட்டும். ஆனால் பயிற்சி முடிந்ததும் நேரே காவல் நிலையத்துக்குப் போய்விடலாம் என்று எண்ண வேண்டாம். ஆயுதப்படையிலோ சிறப்புக் காவல் படையிலோ சில ஆண்டுகள் பந்தோபஸ்து வாழ்க்கை காத்திருக்கும் என்பதை இப்போதே சொல்லிவையுங்கள்.