ஓணானும் குளிரும்

அன்புள்ள ஐயா,

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் இருக்கிறேன். டிசம்பர் காலையில் காம்பவுண்டு சுவரில் ஓர் ஓணான். என் பையன் வாலைப் பிடித்துத் தூக்கினான், அது ஓடக்கூட இல்லை. குளிரில் பலம் போய்விடுமா? ஜிம்மில் சொல்லும் வெள்ளைத் தசை, சிவப்புத் தசை இவற்றுக்கும் உண்டா? எது வலுவானது?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

வாலைப் பிடித்துத் தூக்க அது என்ன வாளியா? பையனைக் கண்டியுங்கள். பக்கத்தில் நின்று பார்த்த உங்களை யார் கண்டிப்பது?

இரண்டும் உண்டு. வெள்ளைத் தசை இழை வெடுக்கென்று இழுக்கும், ஆக்ஸிஜன் இல்லாமலே சர்க்கரையைச் செலவழிக்கும், சீக்கிரம் ஓய்ந்துவிடும். விடாமல் துரத்தினால் ஓணான் வாய் பிளந்து நின்றுவிடுவது அதனால்தான். சிவப்பு, நின்று உழைக்கும். உங்கள் ஜிம் மாஸ்டர் சொல்லாத மூன்றாவது ஒன்றும் உண்டு: டானிக் இழை. நரம்பு ஒருமுறை தட்டினால் துள்ளாது. தட்டிக்கொண்டே இருந்தால் மெல்ல இறுகும், இறுகியதைச் சொற்பச் செலவில் பிடித்தே இருக்கும். பச்சோந்தியின் காலில் இது அதிகம். எது வலுவானது என்ற பட்டிமன்றத்தை ஜிம்மிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

'பலம் போய்விடுமா' என்றீர்களே, அதுதான் உறுத்துகிறது. உடல் வெப்பம் பத்து டிகிரி இறங்கினால் ஓணான் தசை சுருங்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் இழுக்கும் விசை அந்த அளவுக்குக் குறையாது. மந்தம் வேறு, பலவீனம் வேறு. ஆபீஸில்கூட மெதுவாகப் பேசுகிறவனைத்தான் முதலில் ஏய்க்கிறோம். 1982-இல் ஹெர்ட்ஸ், ஹியூய், நெவோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் நம் ஓணானின் உறவுக்காரப் பல்லிகளைச் சோதித்தார்கள். சூடாக இருந்தவை ஓடின. குளிர்ந்தவை நின்று, வாயைத் திறந்து, கடிக்க வந்தன. ஓட முடியாது, கடிக்க முடியும். கணக்கு அதற்குத் தெரிகிறது.

எனக்கு விரலிலேயே தெரியும். அல்சூரில் ஒன்பது வயதில், மார்கழி விடியலில், வேலியில் விறைத்துக் கிடந்ததைச் செத்தது என்று எடுத்தேன். ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டது. வலி பெரிதில்லை, விடாததுதான் பயம். நான் அலற, பாட்டி கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாள். "இழுக்காதடா, பல்லு ஒடிஞ்சிரும் அதுக்கு. வெயில்ல போய் உக்காரு."

உட்கார்ந்தேன். எதிர்வீட்டு மாடியைத் தாண்டி வெயில் என் முட்டிக்கு வந்தது, பிறகு கைக்கு. அதன் தொண்டை வேகமாகத் துடிக்க ஆரம்பித்தது. விட்டது. எந்தப் பக்கம் ஓடியது என்றுகூட நான் பார்க்கவில்லை.