எல்லாமே வெள்ளம்தானா அண்ணாச்சி?

கேள்வி: அண்ணாச்சி, தேலீஸ்னு ஒரு கிரேக்கர் உலகத்துல எல்லாமே தண்ணியில இருந்துதான் வந்துச்சுன்னு சொன்னாராமே, எட்டாங்கிளாஸ் படிக்க எம்பயலே இது தப்புன்னு சொல்லுதான், பொறவு எதுக்கு அவரை மொத தத்துவவாதின்னு தூக்கி வச்சிருக்காங்க?
- வாசகர், குளச்சல்

பதில்: ஒங்க பய சொல்லுதது சரிதான். தேலீஸ் 2,600 வருசத்துக்கு முந்தி மிலேட்டஸ்ங்கிற துறைமுகத்துல இருந்த ஆளு, அந்த எடம் இப்போ துருக்கியில கெடக்கு. கடலப் பாத்து வளந்தவரு வெள்ளம்னு (தண்ணின்னு) யோசிச்சதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல, ஆனா எந்தச் சாமி படைச்சுதுன்னு கதை சொல்லாம, இதெல்லாம் எதுல இருந்து வந்துச்சுன்னு கேட்டாரு பாருங்க, அதுக்குத்தான் அந்தப் பேரு. அதே ஊரு அனாக்ஸிமாண்டர் தண்ணி இல்ல, எல்லையே இல்லாத ஏதோ ஒண்ணுன்னாரு. அவருக்குப் பொறவு வந்த அனாக்ஸிமெனஸ் அதுவும் இல்ல, காத்துன்னுட்டாரு.

எனக்கு இவரைத்தான் புடிக்கும். உள்ளங்கைய வாய்க்கு முன்னால வச்சு உதட்டக் குவிச்சு ஊதிப் பாருங்க, குளுகுளுன்னு இருக்கும், வாயத் தொறந்து ஹான்னு விடுங்க, சூடா இருக்கும். இத வச்சுத்தான் காத்து நெருங்குனா குளிரும், நெகிழ்ந்தா சூடாகும், நெகிழ்ந்து நெகிழ்ந்து தீயாவும், நெருங்கி நெருங்கி மேகம், தண்ணி, மண்ணு, கல்லுன்னு ஆவும்னு சொன்னாரு. இதுவும் தப்புதான்! சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போ பம்போட அடியத் தொட்டா சுடும்லா, காத்த அமுக்குனா சூடுதான் ஆவும். ஆனா தப்புன்னு ஒங்க வீட்டு சைக்கிள் பம்ப வச்சே சொல்ல முடியுது பாத்தீங்களா, சாமி கதைய எந்தப் பம்ப வச்சுப் பாக்க?

தேலீஸ் வெவரமான ஆளுதான் கேட்டீங்களா. படிச்சும் ஏழையாத்தானே இருக்கன்னு ஊரு கேலி பண்ண, நட்சத்திரம் பாத்து ஒலிவக்காய் நல்லா காய்க்கும்னு கணிச்சு, குளிர்காலத்துலயே செக்கையெல்லாம் கொறஞ்ச அட்வான்சுக்குப் புடிச்சுப்போட்டு, சீசன்ல வச்சதுதான் வாடகைன்னு விட்டாராம், அரிஸ்டாட்டில் சொல்லுத கதை. நம்ம மார்த்தாண்டத்துல எவனாவது செஞ்சா அடுத்த வருசம் ஊரே செக்குப் புடிக்க நிக்கும்.

கேள்வி: ஒரே ஆத்துல ரெண்டு தடவ எறங்க முடியாதுன்னு சொன்னது யாரு?
- வாசகி, குழித்துறை

பதில்: எபேசஸ்ங்கிற ஊரு ஹெராக்ளிட்டஸ், இவரும் கிரேக்கத் தத்துவவாதிதான். ரெண்டு தடவ கணக்கு பிளேட்டோ சொல்லித்தான் பிரபலமாச்சு. அவரோட வரின்னு பலரும் நம்புதது வேற மாதிரி, அதே ஆத்துல எறங்குதவங்க மேல வேற வேற வெள்ளம் வந்துட்டே இருக்கும்னு. ஆறு அதேதான், வெள்ளம்தான் மாறுது. குழித்துறையாத்துல ஓட்டம் நின்னு போச்சுன்னா நீங்களே அத கொளம்னுதானம்மா சொல்லுவீங்க.